சங்கப் பங்கும் மைக்கா பங்கும்

வளரும் சந்தையில் போட்ட பணத்துக்கு எது ஆபத்து என்பதைக் கோலாலம்பூர் பங்குச் சந்தையைவிட மலேசியாவின் கெமாஸ் போன்ற தோட்டப்புறங்கள் தெளிவாகக் காட்டுகின்றன. தோட்டத் தொழிலாளரின் லயத்துச் சேமிப்பை நாடி இரண்டு முயற்சிகள் வந்தன: 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், 1982இல் ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தொடங்கிய மைக்கா ஹோல்டிங்ஸ்.

பெருந்தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கும் தோட்டத் துண்டாடலில் வேலையும் வீடும் போய்விடுமே என்று மாதம் பத்து வெள்ளி கட்டிச் சங்கத்தில் சேர்ந்தார்கள். பொருளாதாரத்தில் நமக்கும் ஓர் இடம் வேண்டும் என்று, நகையை அடகு வைத்தும் மைக்கா பங்கு வாங்கினார்கள். அங்கே அச்சம் முதலீடானது, இங்கே ஆசை.

ஏட்டுக் கணக்கில், ரப்பர் தோட்டங்களை வாங்கிய சங்கமே அதிக ஆபத்தானது. ரப்பர் விலை விழுந்தால் பால்வெட்டுக்காரரின் சம்பளமும் அடிபடும், சங்கத்தின் லாப ஈவும் அடிபடும். உழைப்பும் சேமிப்பும் ஒரே மரத்தை நம்பியிருந்தன. மைக்காவோ காப்புறுதி முதலான பல துறைகளில் பணத்தைப் பரப்பியது. நடந்தது நேர்மாறு. சங்கத்தின் கையில் நிலம் நின்றது. ஏறத்தாழ 66,000 பேரிடம் 10 கோடியே 60 லட்சம் வெள்ளி திரட்டிய மைக்காவிலோ, 1984 வாக்கில் ஒரு வெள்ளிக்கு வாங்கிய பங்கை 2010இல் 80 காசுக்குக் கேட்டார்கள். அதே வெள்ளி 4 விழுக்காட்டுக் கூட்டுவட்டியில் கிடந்திருந்தால் 26 ஆண்டுகளில் 2 வெள்ளி 77 காசாகியிருக்கும். இடையில் வந்த லாப ஈவைச் சேர்த்தாலும் இந்த இடைவெளி என்னை உறுத்துகிறது.

இவ்வளவு வேறுபட்ட இரண்டுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டுமே சந்தையில் பட்டியலிடப்படாதவை. நாளேட்டில் விலை வராது. ஏறி இறங்காத விலையைப் பார்த்தால் ஆபத்தே இல்லாததுபோல் தோன்றும். தோட்டம் எப்படி நடக்கிறது என்பதைத் தொழிலாளியே எடைபோட்டுவிடுவார். மரத்தின் பட்டையும் பாலும் அவருக்குத் தெரிந்தவை. மைக்காவை எடைபோட ஆண்டறிக்கையைத் தவிர அவரிடம் வேறொன்றும் இருக்கவில்லை. பிடிக்காவிட்டால் விற்றுவிட்டு விலகலாம் என்றால், வாங்க ஆளிருக்கவில்லை.

இந்த நிலை லயத்துக்கு மட்டும் உரியதன்று. 1998 செப்டம்பர் 1இல் பங்குக் குறியீடு 262.70க்குச் சரிந்த அதே நாளில் அரசு மூலதனக் கட்டுப்பாட்டை அறிவித்தது. வெளிநாட்டு நிதி நிறுவனங்களின் பணமும் ஓராண்டுக்குப் பூட்டப்பட்டது. பெரும் ஆய்வுக் குழுக்கள் வைத்திருந்தவர்களும் பால்வெட்டுக்காரரும் ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டார்கள். 1999 பிப்ரவரியில் வரி கட்டிவிட்டு வெளியேற வெளிநாட்டாருக்கு வழி கிடைத்தது. மைக்கா பங்குதாரர்களுக்கு அந்த வழி திறக்க மேலும் பதினோரு ஆண்டுகள் ஆயின.