கிளார்க்: எரிமலை காலிசெய்த விமானத் தளம்

பிலிப்பைன்ஸின் லூசோன் தீவில், மணிலாவுக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில், பம்பாங்கா மாகாணத்தில் இருக்கிறது கிளார்க். ஜப்பானியர் பிடியில் இருந்த மூன்று ஆண்டுகள் நீங்கலாக, 1903 முதல் 1991 வரை அது அமெரிக்கப் படைகளின் இடம். இன்று அங்கே சர்வதேச விமான நிலையமும் தொழிற்சாலைகளும் கோல்ஃப் மைதானமும் சூதாட்ட விடுதிகளும் நிற்கின்றன. மூடப்பட்ட படைத்தளம் ஒன்றைப் பொதுமக்களின் பயன்பாட்டுக்குத் திருப்பியதற்கு ஆசியாவில் அடிக்கடி காட்டப்படும் உதாரணம் இது. அந்தப் பெயருக்குக் கிளார்க் பெரிதும் தகுதியானதுதான். ஆனால் ஒவ்வொரு முறை கைமாறியபோதும் இந்த நிலம் ஆளில்லாத வெற்றிடமாகவே எழுதப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் வரலாறு முழுமையாகும்.

விமானங்களுக்கு முன் அங்கே வந்தவை குதிரைகள். ஸ்பெயினிடமிருந்து பிலிப்பைன்ஸைப் பெற்ற அமெரிக்கா, விடுதலை கேட்டுப் போரிட்ட பிலிப்பினோக்களை அடக்க முனைந்த காலம் அது. ஆஞ்செலஸ் ஊரில் தங்கியிருந்த குதிரைப்படை, நல்ல புல் கிடைக்கும் இடம் தேடிச் சற்று மேற்கே நகர்ந்தது. 1903இல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் சுமார் 7,700 ஏக்கரைப் படைநிலமாக ஒதுக்கி ஆணையிட்டார். 1899இல் அந்தப் போரில் இறந்த கர்னல் ஜான் ஸ்டாட்சன்பர்க்கின் பெயரால் அது ஸ்டாட்சன்பர்க் கோட்டை ஆனது. பினதுபோ மலைச்சரிவுகளில் வேட்டையாடியும் காடு திருத்திப் பயிரிட்டும் வாழ்ந்துவந்த ஏத்தா பழங்குடியினரை அந்த ஆணை கணக்கிலேயே எடுக்கவில்லை.

முதல் உலகப்போரின் முடிவில் கோட்டையை ஒட்டி விமானத் தளம் எழுந்தது. மணிலாவில் வளர்ந்தவரும், ஹவாய்த் தீவுகளுக்கிடையே முதன்முதலில் விமானம் ஓட்டியவருமான மேஜர் ஹெரால்ட் கிளார்க் 1919இல் பனாமாவில் விமான விபத்தில் இறந்தார். தளத்துக்கு அவர் பெயர் வைக்கப்பட்டது.

1941 டிசம்பர் 8 கிளார்க்கின் கறுப்பு நாள். பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்ட செய்தி அதிகாலையிலேயே வந்துவிட்டது. காலையில் எச்சரிக்கையாக வானில் ஏற்றப்பட்ட பி-17 குண்டுவீச்சு விமானங்கள் எரிபொருள் நிரப்பத் தரையிறங்கி நின்றன. ஃபார்மோசாவில் (இன்றைய தைவானில்) மூடுபனியால் தாமதமாகக் கிளம்பிய ஜப்பானிய விமானங்கள், அவை நிற்கும் நேரம் பார்த்ததுபோல நண்பகல் தாண்டி வந்து சேர்ந்தன. எட்டு ஒன்பது மணி நேரம் முன்னரே தகவல் கிடைத்தும் விமானங்கள் தரையில் வரிசையாக நின்றது எப்படி என்று ராணுவ வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். தூரகிழக்கில் அமெரிக்காவுக்கு இருந்த விமான பலத்தில் ஏறக்குறைய பாதி அன்று ஒரே பகலில் அழிந்தது.

மூன்று ஆண்டு கழித்து, தோல்வியின் விளிம்பில் நின்ற ஜப்பான் இதே தளக்கூட்டத்திலிருந்துதான் காமிகாசே தாக்குதலைத் தொடங்கியது. 1944 அக்டோபரில் அட்மிரல் ஓனிஷி பக்கத்து ஊரான மாபலகாட்டுக்கு வந்து, விமானத்தோடு போய் மோதும் படைப்பிரிவை அமைத்தார். அங்கிருந்து கிளம்பிய அணி அக்டோபர் 25 அன்று செயின்ட் லோ என்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடித்தது. 1945 ஜனவரி இறுதியில் கிளார்க் மீண்டும் அமெரிக்கர் கைக்கு வந்தது.

1946இல் பிலிப்பைன்ஸ் விடுதலை பெற்றது. மறு ஆண்டே கையெழுத்தான படைத்தள ஒப்பந்தம் கிளார்க்கையும் சூபிக் கடற்படைத் தளத்தையும் 99 ஆண்டுகளுக்கு அமெரிக்காவுக்கு விட்டுக்கொடுத்தது. உச்சக்கட்டத்தில் கிளார்க் தளமும் அதைச் சேர்ந்த ஒதுக்குநிலமும் சேர்ந்து 630 சதுர கிலோமீட்டர் இருந்தன. அன்றைய சிங்கப்பூரின் பரப்பும் ஏறத்தாழ அவ்வளவுதான். 1966இல் குத்தகைக் காலம் குறைக்கப்பட்டு, 1991 என்று கெடு வந்தது. 1979 திருத்தத்தில் நிலத்தின் மீது பிலிப்பைன்ஸின் இறைமை ஏற்கப்பட்டு, ஒதுக்குநிலத்தின் பெரும்பகுதி திரும்பியது. எஞ்சிய பகுதி பள்ளி, மருத்துவமனை, திரையரங்கு எல்லாம் அமைந்த ஓர் அமெரிக்கச் சிற்றூராகவே நீடித்தது. வேலிக்கு வெளியே ஆஞ்செலஸ் நகரம் தளத்தின் சம்பளத்தை நம்பி வளர்ந்தது. மதுக்கடைகளும் பாலியல் தொழிலும் அதில் அடக்கம்.

வியட்நாம் போரின் தளவாடங்கள் கிளார்க் வழியாகப் போயின; காயமுற்றோரும் அதன் வழியாகவே வந்தார்கள். 1973 பிப்ரவரி 12 அன்று ஹனோயிலிருந்து விடுவிக்கப்பட்ட அமெரிக்கப் போர்க்கைதிகள் முதலில் கால்வைத்ததும் இங்கேதான். 1986 பிப்ரவரி 25 இரவு, மக்கள் எழுச்சியால் வீழ்ந்த அதிபர் ஃபெர்டினாண்ட் மார்கோஸ் குடும்பத்துடன் அமெரிக்க ஹெலிகாப்டரில் மணிலா மாளிகையை விட்டுக் கிளார்க் வந்து, அங்கிருந்து குவாம் வழியாக ஹவாய் போனார்.

மார்கோஸுக்குப் பின் வந்த 1987 அரசியலமைப்பு, 1991க்குப் பிறகு அயல்நாட்டுப் படைத்தளம் இருக்க வேண்டுமானால் செனட் ஏற்ற ஒப்பந்தம் வேண்டும் என்று விதித்தது. பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டிருந்தபோது, ஐந்நூறு ஆண்டுகளாக உறங்கிய பினதுபோ எரிமலை விழித்தது. 1991 ஏப்ரல் 2 அன்று சரிவில் நீராவி வெடிப்புகள் தொடங்கின. பிலிப்பைன்ஸ் எரிமலை நிறுவனத்தாரும் அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தாரும் தளத்துக்குள்ளேயே கண்காணிப்பு நிலையம் அமைத்தார்கள். மலைக்கும் தளத்துக்கும் இடையே 25 கிலோமீட்டர்கூட இல்லை. பெருவெடிப்பு வரப்போவதை அவர்கள் முன்கூட்டியே கணித்ததை நவீன அறிவியலின் பெரும் வெற்றிகளில் ஒன்றாகச் சொல்லலாம். ஜூன் 10 காலை சுமார் 14,500 பேர் வாகனங்களில் சூபிக்குக் கிளம்பினார்கள். ஐந்தே நாளில், ஜூன் 15 அன்று, இருபதாம் நூற்றாண்டின் இரண்டாவது பெரிய வெடிப்பு நிகழ்ந்தது. அதே நாளில் யூன்யா சூறாவளியும் வந்தது. மழையில் ஊறிய சாம்பல் பன்மடங்கு கனத்து, தளத்திலும் சுற்றுப்புற ஊர்களிலும் கூரைகளை நொறுக்கியது. வெடிப்பிலும் அதன் பின்விளைவுகளிலும் இறந்தவர்கள் சுமார் 850 பேர். மறு ஆண்டு உலகின் சராசரி வெப்பமே ஏறத்தாழ அரை டிகிரி இறங்கியது.

சாம்பலை அள்ளித் தளத்தைச் சீரமைப்பது கட்டுப்படியாகாது என்று அமெரிக்கா முடிவெடுத்தது. கிளார்க்கை விட்டுவிட்டுச் சூபிக்கை மட்டும் பத்தாண்டுகளுக்கு நீட்டிக்கும் ஒப்பந்தம் உருவானது. அதிபர் கொராசன் அக்கினோ ஆதரித்தும், ஜோவிட்டோ சலோங்கா தலைமையிலான செனட் செப்டம்பர் 16 அன்று 12க்கு 11 என்ற வாக்கில் அதை நிராகரித்தது. நவம்பர் 26 அன்று கிளார்க்கில் அமெரிக்கக் கொடி இறக்கப்பட்டது.

அடுத்த சில மாதங்கள் வெட்கக்கேடானவை. காவலில்லாத தளத்திலிருந்து கதவு, ஜன்னல், மின்கம்பி, கழிப்பறைப் பீங்கான் வரை பெயர்த்துக்கொண்டு போனார்கள். திருடியவர்களில் வேலையும் வீடும் இழந்த ஏழைகள் இருந்தார்கள். ஆனால் லாரி லாரியாக ஏற்றிப் போக ஏழைகளால் முடியாது.

1992 மார்ச்சில் வந்த சட்டம் படைத்தளங்களை மாற்றியமைக்க ஒரு தனி ஆணையத்தை ஏற்படுத்தியது. மணிலாவின் போனிஃபாசியோ முகாமை வானளாவிய கட்டடங்களின் நகரமாக மாற்றியதும் அதே ஆணையம்தான். 1993 ஏப்ரலில் கிளார்க் சிறப்புப் பொருளாதார மண்டலமாக அறிவிக்கப்பட்டது. முதலில் யாரும் வரத் தயங்கினார்கள். மலையிலிருந்து ஆண்டுதோறும் மழைக்காலத்தில் எரிமலைச் சேறு ஆறுகளில் இறங்கிக்கொண்டிருந்தது. 1995இல் அதே மாகாணத்து பகோலோர் நகரம் அதில் புதைந்தது. வெளியாரைத் திரும்ப அழைக்க 1994இல் தொடங்கிய வெப்பக்காற்று பலூன் விழா இப்பகுதியின் அடையாளமாகவே ஆகிவிட்டது. யோகோஹாமா டயர் ஆலை 1990களிலும், டெக்ஸஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் ஆலை 2009இலும் வந்தன. 2002இல் ஆசிய மையத்தை இங்கே அமைத்த யூபிஎஸ் சரக்கு நிறுவனம் 2010இல் சீனாவின் ஷென்செனுக்குப் பெயர்ந்தது. சலுகை பார்த்து வருபவர்கள் போகவும் செய்வார்கள் என்பது அப்போது தெரிந்தது.

கிளார்க்கின் உண்மையான சொத்து, கனரக விமானங்களுக்காகப் போடப்பட்ட 3,200 மீட்டர் ஓடுபாதைகள். நெரிசலில் திணறும் மணிலாவுக்கு மாற்றாக அவற்றைப் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் முப்பதாண்டுகளாக உயிரோடு இருக்கிறது. சலுகைக் கட்டண விமானங்கள் 2005 வாக்கில் வரத் தொடங்கின. சூபிக், கிளார்க், தார்லாக் மூன்றையும் இணைக்கும் விரைவுச்சாலை 2008இல் திறந்தது. ஆண்டுக்கு 80 லட்சம் பயணிகளைக் கையாளும் புதிய முனையம் 2022 மே மாதம் இயங்கத் தொடங்கியது. அந்தச் செப்டம்பரில் அதை முறைப்படி திறந்துவைத்தவர் அதிபர் மார்கோஸ் ஜூனியர். 1986இல் தந்தையோடு இதே தளத்தின் வழியே நாட்டை விட்டுப் போனவர்களில் அவரும் ஒருவர். மணிலாவோடு கிளார்க்கை இணைக்கும் ரயில்பாதை கட்டுமானத்தில் இருக்கிறது.

இத்தனை வளர்ச்சிக்கும் அடியில் மண்ணுக்குள் இருப்பதை யாரும் முழுதாக எடுக்கவில்லை. எரிமலையால் வீடிழந்த ஆயிரக்கணக்கானோர் தளத்தின் பழைய வாகனப் பணிமனைப் பகுதியில் குடியமர்த்தப்பட்டு, ஆண்டுக்கணக்கில் அங்கிருந்த கிணற்று நீரைக் குடித்தார்கள். அந்த நிலத்தடி நீரில் எண்ணெயும் ரசாயனங்களும் கலந்திருந்ததைப் பின்னர் சோதனைகள் காட்டின. குழந்தைகளுக்கு வந்த புற்றுநோய்க்கும் பிறவிக் குறைகளுக்கும் அதுவே காரணம் என்று குடும்பங்கள் போராடின. 1947 ஒப்பந்தத்தில் தளத்தைப் பழைய நிலைக்கு மீட்டுத் தரும் கடமை அமெரிக்காவுக்கு இல்லை. அதைக் காட்டி வாஷிங்டன் பொறுப்பை மறுத்தது. தன் மண்ணில் மூடிய தளங்களைச் சட்டப்படி சுத்தம் செய்யும் ஒரு வல்லரசு, நட்பு நாட்டின் மண்ணை அழுக்கோடு விட்டுப்போனதை எந்த ஒப்பந்தப் பிரிவும் நியாயப்படுத்தாது.

சாம்பலில் புதைந்த தன் படைவீரர் கல்லறைத் தோட்டத்தையே அமெரிக்கா இருபது ஆண்டுக்கும் மேல் கவனிக்கவில்லை. உள்ளூரில் குடியேறிய முன்னாள் வீரர்கள் சொந்த முயற்சியில் அதைப் பேணினார்கள். 2013 தொடக்கத்தில் வந்த சட்டத்துக்குப் பிறகுதான் அமெரிக்க அரசு 8,000க்கும் மேற்பட்ட அந்தக் கல்லறைகளைப் பொறுப்பேற்றது.

பழைய ஒதுக்குநிலத்தின் வடபகுதியில், தார்லாக் மாகாணத்தின் காபாஸில், 9,450 ஹெக்டேரில் நியூ கிளார்க் சிட்டி உருவாகிறது. 2019 தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக 20,000 பேர் அமரும் தடகள அரங்கம் அங்கே எழுந்தது. அது தங்கள் மூதாதையர் நிலம் என்கிறார்கள் காபாஸ் ஏத்தாக்கள். போட்டி தொடங்கும் தறுவாயில் சில குடும்பங்களுக்கு ஏழு நாளில் வெளியேறச் சொல்லி அறிவிப்பு வந்தது. அது அரசு நிலம், யாரிடமிருந்தும் பறிக்கவில்லை என்பது படைத்தள மாற்ற ஆணையத்தின் வாதம். 1997 பழங்குடியினர் உரிமைச் சட்டத்தின்படி பரம்பரை நிலப் பட்டயம் கோர ஏத்தாக்களுக்கு வழியுண்டு. பக்கத்து மாபலகாட், பாம்பான் பகுதியினர் அப்படிப் பட்டயம் பெற்றிருக்கிறார்கள். காபாஸில் சாலையும் அரங்கமும் முதலில் வந்தன.

படைகளும் முற்றாகப் போய்விடவில்லை. ஓடுபாதையை ஒட்டிய ஒரு பகுதியைப் பிலிப்பைன்ஸ் விமானப்படை வைத்திருக்கிறது. 2016 ஏப்ரலில் அமெரிக்க ஏ-10 விமானங்கள் கிளார்க்கிலிருந்து கிளம்பி, சீனாவோடு தகராறு நடக்கும் ஸ்கார்பரோ திட்டு அருகே பறந்தன. 2014 பாதுகாப்பு ஒப்பந்தத்தின்கீழ் அமெரிக்கப் படைகள் பயன்படுத்த ஒதுக்கப்பட்ட இடங்களில் ஒன்று, அதே பம்பாங்கா மாகாணத்தின் பாசா விமானத் தளம்.