நீல பல்பும் நைட் ஷிஃப்டும்

மக்களே, போன வாரம் ஒரு கண்ணாடிக் கடையில 'ப்ளூ கட்' கண்ணாடியை என் தலையில கட்டப் பார்த்தாங்க. ஒரகடத்துல நைட் ஷிஃப்ட் முடிச்சு, காலையில குன்றத்தூர் வந்து படுத்தா தூக்கம் வராத ஜென்மம் நான். கிட்டத்தட்ட வாங்கியிருப்பேன். அப்புறம்தான் இந்த நீலத்தோட பூர்வீகத்தைத் தோண்டினேன்.

சிவப்பு எல்.ஈ.டி. 1960களிலேயே வந்தாச்சு. நீலம் மட்டும் தண்ணி காட்டியது. ஜப்பானில் நிச்சியா கம்பெனியின் ஷூஜி நாகமுரா 1993ல் அதைப் பளிச்சென எரிய வைத்தார். (அதுமேல மஞ்சள் பாஸ்பர் பூசினா வெள்ளை வெளிச்சம். எல்.சி.டி. செல்போன் திரைக்குப் பின்னாடி எரியறது அதுதான்.) அவரோடு அகாசாகி, அமானோவுக்கும் சேர்த்து நோபல் அறிவிச்சது 2014 அக்டோபர்ல. 2006ல் செல்போன் செய்ய ஆரம்பிச்ச நம்ம ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை நின்னுபோனது அதே வருஷம் நவம்பர் 1. என்ன பொருத்தம் பாருங்க!

2002ல் டேவிட் பெர்சன் குழு விழித்திரையில் ஒரு புது வகை செல் வெளிச்சத்தை உணர்வதைக் காட்டியது. பகலா ராத்திரியான்னு மூளைக்குச் சொல்ற செல். நீலத்துக்குத்தான் ரொம்ப உஷார். நீலம் பட்டா மெலடோனின் குறையும், தூக்கம் தள்ளிப்போகும். கண்ணாடியோ, கண் களைப்பைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்கிறது 2023ல் வந்த காக்ரேன் ஆய்வு.

அட, செல்போனைவிடப் பல மடங்கு நீலம் காலை வெயில்லயே இருக்கே! நான் வீடு வர்றதே அந்த வெயில்லதான்.

கண்ணாடி வாங்கல. ஜன்னல்ல கனத்த போர்வை தொங்குது. பட்டப்பகல்ல லைட் போட வேண்டியிருக்குன்னு வீட்டம்மாகிட்ட தினமும் அர்ச்சனை :-)