கரிப்புகையும் கடப்பாடும்

ஒரு நாட்டின் செல்வ வரலாற்றை ஆராய விழைவோர், அந்நாடு எரித்த நிலக்கரியின் வரலாற்றையும் உடன் நோக்குதல் வேண்டும். 1769 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் வாற் தாம் சீர்திருத்திய நீராவிப் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் பிரித்தானியாவின் ஆலைகளும் புகைவண்டிகளும் நிலக்கரியாற் பெருகின. 1882 இல் இலண்டனில் நிலக்கரி மின்னிலையம் இயங்கத் தொடங்கிற்று. அந்நாட்டின் இறுதி நிலக்கரி மின்னிலையம் 2024 இலேயே மூடப்பட்டது. இவ்வளவு காலமும் எழுந்த புகை எங்கே சென்றது?

அது முற்றும் அழிந்திலது. காபனீரொட்சைட்டின் ஒரு பகுதியைக் கடலும் காடும் ஏற்பினும், எஞ்சியது பன்னூறாண்டுகள் வளிமண்டலத்திற் றங்கும். கைத்தொழிற் புரட்சிக்கு முன் வளியின் பத்து இலட்சம் பங்கில் ஏறத்தாழ 280 பங்காயிருந்த அது, இன்று 420 ஐக் கடந்துளது. ஆதலின், இன்று எரிப்போர் யாவர் என்பதோடு, இதுகாறும் எரித்தோர் யாவர் என்பதும் வினவற்பாலது. 1850 முதல் எரிபொருள்களால் வெளிப்பட்ட காபனீரொட்சைட்டில் ஏறத்தாழ நாலிலொரு பங்கு ஐக்கிய அமெரிக்காவினது. உலக மக்களுள் அந்நாட்டினர் நூற்றுக்கு நால்வரளவினரே. ஆறிலொரு பங்கினும் மிக்க மக்களையுடைய இந்தியாவின் பங்கோ நூற்றுக்கு நான்கினும் மிகாது. ஆண்டுக் கணக்கில் இன்று முதலிடத்து நிற்கும் சீனாவும், பழங்கணக்கில் அமெரிக்காவுக்குப் பிற்பட்டதே.

1992 இல் உலக நாடுகள் பொதுவாயினும் வேறுபட்ட பொறுப்பு என்னும் கொள்கையை ஏற்றன. 1997 இல் பிரேசில், முன்னேறிய நாடுகள் ஒவ்வொன்றும் குறைக்கவேண்டிய அளவை அதன் வரலாற்றுப் பங்கு கொண்டு கணித்தல் வேண்டும் என முன்மொழிந்தது. அவ்வாண்டிற் கியோற்றோவில் நிறைவேறிய உடன்படிக்கை அம்முறையைக் கொள்ளாது, பெரும்பாலும் 1990 ஆம் ஆண்டின் அளவையே அடிப்படையாக்கிற்று. எனவே மிகுதியாக எரித்த நாடு, அம்மிகுதியிலிருந்தே குறைக்கத் தொடங்கும் வாய்ப்பைப் பெற்றது. பழைய வழக்கமே உரிமையாயிற்று.

முன்னோர் அறியாது செய்த பிழைக்குப் பின்னோர் பொறுப்பாவரோ எனச் சிலர் வினவுவர். முதுசொமாக வந்த பொருளைக் கொள்வோன் அதன்மேலுள்ள கடனையும் ஏற்றல் முறையன்றோ? ஆயினும் 2015 இற் பாரிஸ் மாநாட்டுத் தீர்மானம், இழப்பும் சேதமும் பற்றிய பிரிவு இழப்பீடு கோருதற்கு அடிப்படையாகாது என வரைந்தது. 2022 இல் அவ்விழப்பிற்கென ஒரு நிதியம் அமைக்க நாடுகள் உடன்பட்டன. அந்நிதியத்துக்கு வழங்குவது ஈகையன்று, கடனிறுத்தலே என்பதை வரலாறறிந்தோர் உணர்வர்.