கப்பலும் கைநாட்டும்

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வாழ்ந்த குடும்பங்களின் வரலாற்றைக் கேட்கப் புகுவோமாயின், அது பெரும்பாலும் ஒரு கப்பலில் தொடங்கும். பாட்டன் நாகப்பட்டினத்தில் கப்பலேறினார், சில ஆண்டுகள் உழைத்துச் சிறிது பொருள் சேர்த்து ஊர் திரும்ப எண்ணினார், திரும்பவில்லை. லின்சம், ரந்தாவ், பஹாவ் என ஊர் மாறினும் கதை மாறுவதில்லை. தற்காலிக வேலைக்கென வந்தவர்களின் வழித்தோன்றல்களே நம்மிற் பலர். அந்தத் 'தற்காலிகம்' எவ்வாறு நடந்தது என்பதை நம் மாணவர்கள் அறிதல் வேண்டும். அவ்வறிவு இன்றும் பயன்படக் கூடியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சுங்கை ஊஜோங் எனப்பட்ட சிரம்பான் வட்டாரத்தில் காப்பித் தோட்டங்கள் தோன்றின. 1891-இல் சிரம்பானுக்கும் போர்ட் டிக்சனுக்கும் இடையே இருப்புப் பாதை திறக்கப்பட்டது. பின்னர் காப்பி போய் ரப்பர் வந்தது. அக்காலத் தொழிலாளருட் பலர் ஒப்பந்தக் கூலிகளாய் வந்தவர்கள். சில ஆண்டுகள் ஒரே முதலாளியிடம் உழைப்பதாக அவர்கள் கைநாட்டு வைத்தனர். அந்தத் தாளில் எழுதியிருந்ததைப் படிக்க அறியாதவர்களே அவர்களிற் பெரும்பாலோர். கப்பற் கட்டணம் கடனாக எழுதப்பட்டுக் கூலியிற் பிடிக்கப்பட்டது. கடன் தீராதவனுக்குத் தவணையும் தீரவில்லை. இம்முறையில் ஆள் சேர்ப்பது 1910-இல் நிறுத்தப்பட்டது.

அதன்பின் கங்காணி முறையே ஓங்கியது. 1907-இல் அமைந்த தமிழர் குடியேற்ற நிதிக்கு முதலாளிகள் பணம் செலுத்தினர். கப்பற் கட்டணம் அதிலிருந்து கொடுக்கப்பட்டது. சட்டப்படி தொழிலாளி கடனின்றி வந்தான். ஒரு மாத முன்னறிவிப்புத் தந்து விலகவும் அவனுக்கு உரிமை இருந்தது. முன்னைய முறையினும் இது மேலானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஆளைத் திரட்டியவரும், கப்பலேற்றியவரும், தோட்டத்தில் வேலை வாங்கியவரும், கடன் கொடுத்தவரும் பல இடங்களில் கங்காணி ஒருவரே. அவர் உறவினராகவோ ஒரே ஊராராகவோ இருந்தார். அவரை மீறித் தன் உரிமையைக் கேட்கும் துணிவு எத்தனை பேருக்கு இருந்திருக்கும்?

அந்நாளையக் கப்பல்களுள் பெயர் பெற்றது ரஜூலா. 1926-இல் கட்டப்பட்ட அக்கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியது. பல்லாயிரவர் அதன் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்தே கடலைக் கடந்தனர். வந்திறங்கிய தொழிலாளர் நோய்த்தடுப்பு முகாமில் தங்கிய பின்னரே தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். போர்ட் சுவெட்டன்ஹாமில் இறங்கியோர் கோலாலம்பூர் வழியே இரயிலேறிச் சிரம்பானை அடைந்தனர்.

வேலை தற்காலிகமானது என்பதன் முழுப்பொருளும் 1930-இல் தொடங்கிய பொருளாதார மந்தத்தில் விளங்கிற்று. ரப்பர் விலை வீழ்ந்தது. அடுத்த மூன்றாண்டுகளில் ஒரு நூறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். விலை ஏறியதும் மீண்டும் ஆள் திரட்டினர். இறுதியில் 1938-இல் இந்திய அரசே உதவி பெற்றுக் குடியேறுவதைத் தடை செய்தது.

ஜப்பானியர் ஆட்சியில் இன்னொரு தற்காலிக வேலை வந்தது. சயாம்–பர்மா இரயில் பாதைக்கு மூன்று மாத வேலை, நல்ல கூலி என்று விளம்பரம் செய்தனர். நம்பிச் சென்றோரும் உண்டு; வலிந்து பிடிக்கப்பட்டோர் மிகப் பலர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1943 அக்டோபரில் இணைந்தது. அதற்குள் ஆசியத் தொழிலாளர் பல்லாயிரவர் மாண்டனர். மூன்று மாதம் என்ற வாக்குறுதியைக் காட்டிக் கேட்பதற்கு அவர்களுக்கு எந்த மன்றமும் இல்லை.

நாடு விடுதலை பெற்ற பின்னரும் தாளின் வலிமை குறையவில்லை. 1957-இல் குடியுரிமை பெற வழி திறந்தபோது, அதன் அருமை உணராமலும் உரிய சான்றுகள் இல்லாமலும் பலர் விண்ணப்பிக்கத் தவறினர். 1969-இல் குடியுரிமை இல்லாதோர் வேலை அனுமதி பெற வேண்டும் என்ற கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தபொழுது, வாழ்நாளெல்லாம் பால்மரம் வெட்டியவர்கள் மீண்டும் கப்பலேற நேர்ந்தது. ரஜூலா 1973-இல் ஓய்வு பெற்றது. அவ்வழியில் ஓடிய சிதம்பரம் கப்பலின் பயணமும் 1985-இல் நிகழ்ந்த தீவிபத்தோடு முடிந்தது.

இன்று அதே பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர்க் கடல்வழியில் உல்லாசக் கப்பல்கள் செல்கின்றன. ரப்பர் போய்ச் செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் வந்துவிட்ட தோட்டப்புறங்களின் இளைஞர்க்கு அவற்றின் சமையற்கூடமும் விருந்தினர் அறைகளும் ஆறு முதல் ஒன்பது மாதத் தவணை வேலைகளாகக் கண்ணில் படுகின்றன. அதை இழிவென்று தடுப்பதற்கில்லை. உழைத்துப் பிழைக்கக் கடல் கடந்ததே நம் மரபு. ஆயின் பாட்டன் வைத்தது கைநாட்டு. பேரன் இடுவது கையெழுத்து. இந்த வேறுபாடு பயன் தர வேண்டுமாயின் கையெழுத்துக்கு முன் படித்தல் வேண்டும்.

2006-இல் இயற்றப்பட்ட கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை மலேசியா 2013-இல் ஏற்றது. வேலை தேடித் தருவதற்கென்று தொழிலாளியிடம் கட்டணம் பெறலாகாது என்பது அதன் விதி. கடவுச்சீட்டு, கடற்பணியாளர் ஏடு, சட்டப்படியான மருத்துவச் சான்று ஆகியவற்றின் செலவு மட்டுமே அவரைச் சாரலாம். நாளொன்றுக்குப் பத்து மணி நேரமேனும் ஓய்வு உண்டு. தவணை முடிந்தால் ஊர் திரும்பும் செலவு கப்பல் உரிமையாளருடையது. கையெழுத்திடுமுன் ஒப்பந்தத்தை ஆராயவும் பிறரிடம் அறிவுரை கேட்கவும் வாய்ப்புத் தரப்படல் வேண்டும். இந்த இறுதி விதி நம் பாட்டனாருக்குக் கிட்டாத ஒன்று.

1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருக்கும் தோட்டங்களில் பள்ளி அமைக்க வகை செய்தது. தற்காலிகமானவர்கள் என எண்ணப்பட்டோரின் பிள்ளைகளுக்காக லயத்தருகே எழுந்த அந்தக் கொட்டகைகளிலிருந்தே நம் தமிழ்ப்பள்ளிகள் பல வளர்ந்தன. அங்கே ஆசிரியர் கற்பித்த எழுத்தே கைநாட்டைக் கையெழுத்தாக்கிற்று. இன்று ஒரு பழைய மாணவன் ஒப்பந்தத் தாளோடு ஆசிரியர் வீட்டு வாயிலில் வந்து நிற்பானாயின், அவனோடு அமர்ந்து வரி வரியாகப் படித்துக் காட்டுவதும் அந்தப் பணியின் தொடர்ச்சியே அன்றோ!