குழாய்க்குள் ஒரு கருப்பு வளையம்

பிரிக்பீல்ட்ஸில் நாம் குடியிருக்கும் வீட்டுக் குளியலறையில், குழாய்க்கு முன்னுள்ள அடைப்பு வால்வு சென்ற மாதம் ஒழுகத் தொடங்கிற்று. அதனை மாற்ற நாம் முற்பட்டபோது, வந்திருந்த முதியவர் ஒருவர், "குளியலறைக் குழாயில் கைவைப்பது நமக்கு அடுத்த வேலையா? அதற்கென்று உள்ளவர்களைக் கூப்பிடுங்கள்" என்றார். வேலை தெரியாவிடில் தெரிந்தவரை அழைப்பது முறையே. ஆனால் அவர் கூறிய காரணம் அதுவன்று.

மீட்டருக்கு அருகிலுள்ள வால்வை மூடினோம்; நீர் நிற்கவில்லை. கூரைமேல் தொட்டி இருப்பதை மறந்தது நம் பிழை. அதன் வழியையும் அடைத்துப் பழைய வால்வைக் கழற்றிப் பிரித்தபோது, உள்ளே தேய்ந்த ரப்பர் வளையம் ஒன்று கிடந்தது. ஒழுக்கிற்குக் காரணம் அதுவே.

நீரை அடைத்துத் திறக்கும் கருவி புதிதன்று. துளையிட்ட வெண்கல முளையைக் கால்வட்டம் திருப்பி நீர்விடும் வால்வுகள் பண்டை ரோமாபுரியில் இருந்தன. அழுத்தம் மிகுந்த நகரக் குழாய்களுக்கு அது போதவில்லை. 1845-இல் இங்கிலாந்தின் ராதர்ஹாம் நகரில் திருகி அழுத்தி மூடும் குழாய் உருவாயிற்று. திருகின் நுனியில் மெல்லிய வளையமொன்று நீர்வழியை அடைக்கும். அவ்வளையம் முதலில் தோலால் செய்யப்பட்டது.

இந்தத் தோல் செய்த கலகம் சிறிதன்று! 1870-இல் கல்கத்தாவில் வடிகட்டிய குழாய்நீர் வந்தபோது, வைதிகர் பலர் அதைப் பருக மறுத்தனர். உள்ளே தோல் இருக்கிறதாம்; பல சாதியார் கை பட்டதாம். கிருமி நிறைந்த குளத்து நீரில் அவர்கள் தீட்டைக் காணவில்லை. ஆயினும் வாசலிலேயே நீர் கிடைக்கும் வசதி கண்டபின், சாத்திரம் மெல்ல வளைந்து கொடுத்தது.

பின்னர் தோலின் இடத்தை ரப்பர் பிடித்தது. அந்த ரப்பருக்காகக் கிள்ளான் வட்டாரக் காடுகளை அழித்துத் தோட்டமாக்கியதில் தமிழர் உழைப்பு பெரிது. விடியுமுன் எழுந்து பால்வெட்டியவர்கள் அவர்கள். வெயில் ஏறினால் பால் சுரப்புக் குறையும். சாதி பார்த்து லயங்களைப் பிரித்த தோட்டங்களும் இருந்தன. உலகத்துக் குழாய்களில் தங்கள் பால் நீரைக் காத்து நிற்க, துரையையும் கிராணியையும் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கவேண்டும் என்ற வழக்கிற்கு அவர்களே கட்டுப்பட்டிருந்தனர். 1941-இல் கிள்ளான் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு அவ்வழக்கை ஒழிக்கவும், கள்ளுக்கடைகளை மூடவும், பிள்ளைகளுக்குத் தக்க கல்வி தரவும் கேட்டனர். தலைவர் ஆர்.எச். நாதன் கைதானார், படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர்.

இவற்றைச் சொல்லிக்கொண்டே, புது வால்வின் மரைமீது வெள்ளை நாடாவை மரை ஓடும் திசையிலேயே சுற்றிப் பொருத்தினோம். நீரை மெல்லத் திறந்தோம், ஒழுக்கு இல்லை. இதனுள் உள்ளது துளையிட்ட உலோக உருண்டை. ரோமர் முளையைப் போலவே கால்வட்டம் திருப்பினால் போதும். ரப்பர் வளையத்தைத் திருகி அழுத்த வேண்டுவதில்லை.

முதியவர் பழைய வளையத்தை விரலிடையே வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். கிள்ளான் தோட்டமொன்றில் பிறந்தவர் அவர் என்பதை அப்போதுதான் கூறினார். மறுவாரம், தம் வீட்டு வால்வும் ஒழுகுவதாகச் சொல்லி, எத்தனை அங்குலத்தில் வாங்குவது என்று கேட்டார். பெரும்பாலும் அரை அங்குலம், அளந்து பார்த்து வாங்குங்கள் என்றோம்.