புகைவண்டி முதுகு

ஆய்வுக்கூடத்தில் மாணவர்களிடம் சட்டக்காந்தத்தைக் கொடுக்கும்போதெல்லாம் "கீழே போட்டுவிடாதீர்கள்" என்று எச்சரிப்பது என் வழக்கம். விழுந்த காந்தத்தில் கீறல்கூட இராது. ஆனால் இழுக்கும் ஆற்றல் குறைந்திருக்கும். இந்தச் சிறிய உண்மைக்கும் இங்கிலாந்தின் நட்டஈட்டு வழக்குகளுக்கும் ஒரு காலத்தில் தொடர்பு இருந்தது என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா?

லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் இடையே 1830-ல் புகைவண்டி ஓடத் தொடங்கியது. பாதைகள் பெருகின, விபத்துகளும் பெருகின. இறந்தவரின் குடும்பம் வழக்குத் தொடர 1846-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. உயிர் பிழைத்தவரும் வழக்காடலாம். ஆனால் கம்பெனியின் கவனக்குறைவை மெய்ப்பிக்க வேண்டும். கால் முறிந்தவர் முறிந்த காலைக் காட்டிவிடுவார். காயமே இல்லாமல் வீட்டுக்கு நடந்து போய், சில வாரங்களில் முதுகுவலி, கைகால் மரத்தல், தூக்கமின்மை, மறதி என்று படுத்துவிட்டவர் எதைக் காட்டுவார்? நடிக்கிறார் என்பதே கம்பெனித் தரப்பின் வாதம்.

1865 ஜூன் 9-ஆம் நாள் ஸ்டேப்பிள்ஹர்ஸ்ட் என்ற இடத்தில் புகைவண்டி தடம் புரண்டு பத்துப் பேர் மாண்டனர். அதில் பயணம் செய்த நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் காயமின்றித் தப்பி, அடிபட்டவர்களுக்கு உதவினார். ஆனால் அதன்பின் புகைவண்டியில் ஏறினாலே அவருக்கு நடுக்கம். அவரை நடிப்பவர் என்று யார் சொல்வார்?

மறு ஆண்டு, 1866-ல், லண்டன் பல்கலைக் கல்லூரியின் அறுவை மருத்துவப் பேராசிரியர் ஜான் எரிக் எரிக்சன் இத்தகைய நோயாளிகளைப் பற்றிய தம் விரிவுரைகளை வெளியிட்டார். சம்மட்டியால் அடித்த காந்தம் தன் ஆற்றலை இழப்பதுபோல, கடும் அதிர்ச்சியில் தண்டுவடமும் நரம்பாற்றலை இழக்கிறது என்றார் அவர். 'புகைவண்டி முதுகு' என்ற பெயர் இந்நோய்க்கு நிலைத்துவிட்டது. காந்தத்தில் ஒரே திசையில் நிற்கும் நுண்பகுதிகள் அடிபட்டுத் திசை கலைகின்றன என்பதை இன்று அறிவோம். நரம்பிலோ அப்படி எதுவும் இல்லை. அங்கே செய்தி செல்வது அயனிகளின் ஓட்டத்தால். உவமை அழகானது, பௌதிகம் தவறானது. ஆனாலும் வெளியே தெரியாத சேதமும் சேதமே என்று நீதிமன்றத்தில் சொல்ல அது ஒரு மொழியைத் தந்தது.

1883-ல் எதிர்ப்பு வந்தது. ஹெர்பர்ட் பேஜ் என்ற மருத்துவர், தண்டுவடத்தில் சேதமில்லை, பயமே இத்தனைக்கும் காரணம் என்று எழுதினார். அவர் ஒரு புகைவண்டிக் கம்பெனியின் மருத்துவர் என்பதையும் நீங்கள் மனத்தில் வைக்க வேண்டும்! ஆனால் மனத்தின் அதிர்ச்சி உடலை வாட்டும் என்ற அவர் கருத்தை ஒதுக்கிவிட முடியாது.

சட்டம் மெல்லத்தான் நகர்ந்தது. 1886-ல் மெல்போர்ன் அருகே, கேட்டைத் திறந்துவிட்ட காவலாளியை நம்பித் தண்டவாளத்தைக் கடந்த குதிரை வண்டியை, புகைவண்டி மயிரிழையில் உரசாமல் போயிற்று. வண்டியிலிருந்த பெண் மூர்ச்சையாகி நோயுற்றார். உடலில் காயமில்லை, வெறும் அச்சத்தால் வந்த அதிர்ச்சிதானே என்று 1888-ல் லண்டன் பிரிவி கவுன்சில் நட்டஈட்டை மறுத்தது. 1901-ல்தான் ஆங்கில நீதிமன்றம் ஒன்று வேறுவிதமாகத் தீர்ப்பளித்தது.

அப்படியானால் எரிக்சன் முற்றிலும் தவறா? 1895-ல் ராண்ட்ஜன் கண்ட எக்ஸ் கதிர் எலும்பைக் காட்டியது. அதற்குள் விரல் பருமனில் ஓடும் தண்டுவடத்தைக் காட்டவில்லை. எக்ஸ் கதிர்ப் படத்தில் எலும்பு பழுதின்றி இருந்தும் தண்டுவடம் கெட்டுப்போனதைக் குழந்தைகளிடம் கண்டு, 1982-ல் அதற்குத் தனிப்பெயரே இட்டார்கள். குழந்தையின் முதுகெலும்புத்தொடர் நன்றாக நீளும். உள்ளிருக்கும் தண்டுவடம் அவ்வளவு நீளாது. இப்போது அந்தச் சேதத்தைப் படம் பிடித்துக் காட்டுவது காந்த ஒத்ததிர்வுக் கருவி. ஆம், மீண்டும் காந்தம்தான்!

நம் நாட்டில் 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின்படி, ரயில் விபத்தில் காயமுற்ற பயணி ரயில்வேயின் தவறை மெய்ப்பிக்க வேண்டியதில்லை. ரயில்வே இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். சாலை விபத்து என்றால் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். மருத்துவர் தரும் ஊன விழுக்காடும் சம்பாதிக்கும் திறன் குறைந்த விழுக்காடும் ஒன்றல்ல என்று உச்ச நீதிமன்றம் 2010-ல் தெளிவாக்கியது. ஒரு கையை இழந்த ஓட்டுநருக்குப் பிழைப்பே போய்விடுகிறது. எழுத்தர் தம் வேலையைத் தொடரக்கூடும். ஆகவே மருத்துவச் சான்றோடு, அடிபடுமுன் அவர் என்ன வேலை செய்தார், இப்போது எதைச் செய்ய முடியவில்லை என்பதற்கும் சான்று வைக்க வேண்டும்.