மரமேறு கயிறும் உராய்வுக் கருவியும்

மரமேறு கயிறு என்பது உயர்ந்த மரங்களில் கிளை கழித்தல், பட்ட கிளைகளை அகற்றுதல் முதலிய பணிகளைச் செய்வோர் தம் உடல் எடையைத் தாங்கப் பயன்படுத்தும் கயிறு ஆகும். உராய்வுக் கருவி என்பது அப்பணியாளரின் இடுப்பு வாரில் மாட்டப்பட்டு, கயிற்றைப் பற்றியும் விடுவித்தும் அவர் ஏறவும் இறங்கவும் ஓரிடத்தில் நிலைத்து நிற்கவும் உதவும் உலோகக் கருவி ஆகும். இவ்விரண்டும் தனித்தனியே தரமானவையாக இருப்பது மட்டும் போதாது. ஒன்றோடொன்று பொருந்தவும் வேண்டும். பொருந்தாத இணையில் கருவி கயிற்றைப் பற்றாமல் வழுக்கலாம். அல்லது விடுவிக்க இயலாதபடி இறுகலாம். முன்னது வீழ்ச்சிக்கும் பின்னது மரத்தின் மேல் சிக்கிக்கொள்வதற்கும் காரணமாகும்.

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இம்முறை ஒரு தனித் தொழில்நுட்பமாக வளர்ந்துள்ளது. இக்கட்டுரையில் கூறப்படும் தரங்களும் கருவிகளும் அந்நாடுகளைச் சேர்ந்தவை.

முடிச்சிலிருந்து கருவிக்கு

கருவிகள் வருவதற்கு முன்னர் இப்பணியை உராய்வு முடிச்சுகளே செய்தன. இன்றும் பலர் அவற்றையே விரும்புகின்றனர். இவற்றுள் புகழ்பெற்றது ஆஸ்திரிய மலையேறுநர் கார்ல் புருசிக் 1931 ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்திய புருசிக் முடிச்சு ஆகும். மெல்லிய கயிறு ஒன்றை முதன்மைக் கயிற்றின் மேல் பலமுறை சுற்றி முடிவது இதன் அடிப்படை. எடை விழும்போது சுற்றுகள் இறுகிப் பற்றும். எடை நீங்கினால் தளர்ந்து நகரும்.

முடிச்சின் சிறப்பு அதன் நெகிழ்வே. வழுக்கினால் ஒரு சுற்றைக் கூட்டலாம். மிகுதியாக இறுகினால் ஒன்றைக் குறைக்கலாம். சுற்றும் கயிற்றையே வேறொன்றாக மாற்றலாம். முதன்மைக் கயிறு எத்தகையதாயினும் முடிச்சு அதற்கேற்ப வளைந்துகொடுக்கும். உலோகக் கருவிக்கு இத்தன்மை பெரும்பாலும் இல்லை. அதன் வளைவுகளும் இடைவெளிகளும் தொழிற்சாலையிலேயே முடிவாகிவிடுகின்றன. ஆகவே முடிச்சு முறையில் சுற்றும் கயிற்றைத் தேர்ந்து சரிசெய்தவர், கருவிக்கு மாறியதும் முதன்மைக் கயிற்றைத் தேர்ந்தே சரிசெய்ய வேண்டியவராகிறார். பொருத்தம் என்னும் சிக்கல் எழுவது இங்கேதான்.

பிரான்சின் பெட்சல் நிறுவனத்தின் சிக்சாக், அமெரிக்காவின் ராக் எக்சாட்டிக்கா நிறுவனத்தின் அகிம்போ, யூனிசெண்டர், கெவின் பிங்காம் உருவாக்கிய ரோப் ரன்னர் முதலியன இவ்வகைக் கருவிகளாகும். சிக்சாக் தொடராகக் கோக்கப்பட்ட கண்ணிகளால் ஆனது. எடை விழும்போது கண்ணிகள் சாய்ந்து கயிற்றை நெளித்துப் பற்றுகின்றன. அகிம்போவில் உராய்வைக் கூட்டவும் குறைக்கவும் அமைப்புகள் உள்ளன. அதனால் அது பிற கருவிகளைவிடச் சற்றுக் கூடுதலாக வளைந்துகொடுக்கிறது எனலாம்.

செயற்படும் விதம்

வளைந்த பரப்பின் மேல் செல்லும் கயிற்றின் இருபுற இழுவிசைகளுக்கும் உள்ள விகிதம், கயிறு வளையும் மொத்தக் கோணத்தையும் உராய்வுக் கெழுவையும் பொறுத்து அடுக்குக்குறி முறையில் பெருகும். இது ஆய்லர்-ஐட்டல்வைன் சமன்பாடு எனப்படுகின்றது. அடுக்குக்குறிப் பெருக்கம் என்பதால் சிறு மாற்றமும் பெரிய விளைவைத் தரும். எடுத்துக்காட்டாக, 80 கிலோகிராம் எடை தொங்கும் கயிறு ஒரு முழுச் சுற்று வளைவதாகக் கொள்வோம். உராய்வுக் கெழு 0.25 எனில் மறுமுனையை ஏறத்தாழ 17 கிலோகிராம் எடைக்கு இணையான விசையால் பிடித்தால் போதும். கெழு 0.15 ஆகக் குறைந்தால் 31 கிலோகிராம் தேவைப்படும். கருவி மாறவில்லை, ஆளின் எடையும் மாறவில்லை. கயிற்றின் வழுவழுப்பு மட்டுமே மாறியுள்ளது. உண்மையான கருவிகளில் கயிற்றை அழுத்திப் பிடிக்கும் விசையும் சேர்வதால் கணக்கு இதைவிடச் சிக்கலானது. ஆயினும் போக்கு இதுவே.

விட்டம்

ஒவ்வொரு கருவிக்கும் ஏற்ற கயிற்று விட்டத்தை அதன் உற்பத்தியாளர் குறிப்பிடுவார். சிக்சாக்கிற்கு இது 11.5 முதல் 13 மி.மீ. வரை ஆகும். இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். குறைநீட்சிக் கயிறுகளுக்கான ஐரோப்பியத் தரமான ஈஎன் 1891, 8.5 மி.மீ. முதல் 16 மி.மீ. வரையிலான கயிறுகளை உள்ளடக்கியது. அதன் 'ஏ' வகைக் கயிறு குறைந்தது 22 கிலோநியூட்டன் விசையைத் தாங்க வேண்டும். இத்தரத்தை முழுமையாக நிறைவுசெய்யும் 10.5 மி.மீ. கயிறு ஒன்று, வலிமையில் குறையற்றதாயினும் சிக்சாக்கிற்குப் பொருந்தாது. தரச்சான்று கயிற்றின் வலிமைக்குச் சான்றே அன்றி, கருவியோடு அதன் பொருத்தத்திற்குச் சான்றன்று. சில கருவிகள் குறிப்பிட்ட கயிறுகளோடு சேர்த்தே சோதிக்கப்பட்டுச் சான்று பெறுவதற்கும் இதுவே காரணம்.

ஐக்கிய அமெரிக்காவின் ஆன்சி இசட்133 தரம், மரமேறு கயிறு குறைந்தது 12.7 மி.மீ. விட்டமும் சுமார் 24 கிலோநியூட்டன் அறுவலிமையும் உடையதாக இருக்கவேண்டும் என்கிறது. தக்க பயிற்சி பெற்றோர் அதே வலிமையுள்ள 11 மி.மீ. கயிற்றைப் பயன்படுத்த அதில் விலக்கும் உண்டு.

பின்னலும் நாரும்

விற்பனைப் பட்டியல்களில் விட்டம் தெளிவாக அச்சிடப்படும். பின்னல் எவ்வளவு இறுக்கமானது என்பது பற்றிப் பெரும்பாலும் ஒரு சொல்லும் இராது. ஆனால் கருவியின் நடத்தையைத் தீர்மானிப்பதில் பின்னலுக்கு விட்டத்திற்குக் குறையாத பங்குண்டு. இறுக்கமாகப் பின்னப்பட்ட கயிறு கருவிக்குள் உருண்டையாகவே நிற்கும், வளைய மறுக்கும், உலோகத்தைக் குறைந்த பரப்பிலேயே தொடும். மென்மையான கயிறோ தட்டையாகி, இடைவெளிகளை நிரப்பி, மிகுதியாகப் பற்றப்படும். ஒரே 11.7 மி.மீ. என விற்கப்படும் இரு கயிறுகள் ஒரே கருவியில் இருவேறு விதமாக நடந்துகொள்வதன் காரணம் இதுவே.

பல கயிறுகள் உள்ளகம், அதன்மேல் பின்னிய உறை என இரு பகுதிகள் கொண்டவை. உறையும் உள்ளகமும் நன்கு இணையாதிருந்தால், கருவி செல்லும் திசையில் உறை மட்டும் வழுக்கி நகர்ந்து ஓரிடத்தில் திரண்டுவிடும். திரண்ட இடம் கருவிக்குள் நுழையாது. உறை மெலிந்த இடத்திலோ பற்றுதல் குறையும்.

உறைக்குப் பெரும்பாலும் பாலியெஸ்டர் பயன்படுகிறது. அது ஏறத்தாழ 250-260 பாகை செல்சியசில் உருகும். வலிமை மிக்க உயர்நிலைப் பாலியெத்திலீன் நார் சுமார் 145-150 பாகையிலேயே உருகிவிடும் என்பதோடு மிகவும் வழுவழுப்பானது. எனவே உலோகத்தோடு உராயும் பரப்பிற்கு அது ஏற்றதன்று. அராமிடு நார் உருகுவதில்லை. ஆகையால் உராய்வு முடிச்சுக் கயிறுகளின் உறையில் அது விரும்பப்படுகிறது. 80 கிலோகிராம் எடையுள்ளவர் 20 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 15.7 கிலோயூல் ஆகும். இது முழுதும் 400 கிராம் எடையுள்ள அலுமினியக் கருவிக்குள் சென்றால் அதன் வெப்பநிலை 40 பாகைக்கும் மேல் உயரும். ஒரு பகுதி கயிற்றுக்கும் காற்றுக்கும் போய்விடுவதால் மெதுவாக இறங்குவோருக்கு இது பொருட்டன்று. விரைந்து இறங்கினால் வெப்பம் தொடுபரப்பில் குவிந்து உறை நார்கள் உருகிப் பளபளப்பாகக் கூடும்; பளபளத்த கயிறு மேலும் வழுக்கும்.

இயங்கு கயிறும் நிலைக்கயிறும்

இயங்கு கயிற்று முறையில் கயிறு மேலே ஒரு கவையின் மீதோ வளையத்தின் மீதோ சென்று திரும்புகிறது. அதன் ஒருமுனை பணியாளரோடு பிணைக்கப்பட, மறுபுறக் கயிறு அவர் அணிந்த கருவி வழியாக ஓடுகிறது. மேலே உராய்வே இல்லையெனில் 80 கிலோகிராம் ஆளின் எடை இருபுறமும் 40, 40 எனப் பகிரப்படும். மேலே உள்ள உராய்வு இழுவிசையை இருமடங்காக வேறுபடுத்தினால், இறங்கும்போது கருவியின் பக்கத்தில் சுமார் 27 கிலோகிராமும் பிணைத்த பக்கத்தில் 53 கிலோகிராமும் விழும். அதாவது, மரப்பட்டையோ உலோக வளையமோ கருவியின் வேலையில் ஒரு பகுதியைத் தானே செய்துவிடுகிறது. வளையத்தை நீக்கிக் கப்பியைப் பொருத்தினால் ஏறுவது எளிதாகும். ஆனால் அதே கருவி, அதே கயிறு, அதே கைப்பிடியில் முன்பைவிட விரைவாக இறக்கும். மேலே உள்ள பொருளை மாற்றுவோர் கயிற்றுப் பொருத்தத்தையும் மீண்டும் சோதிக்க வேண்டும் என்பது பலர் மறக்கும் ஒன்றாகும்.

நிலைக்கயிற்று முறையில் கயிறு நகர்வதில்லை. முழு எடையும் கருவியின் மீதே விழுகிறது. இயங்கு கயிற்றுக்கென வடிவமைக்கப்பட்ட கருவியைத் தனியே இதில் பயன்படுத்தக் கூடாது. சிக்சாக்கை நிலைக்கயிற்றில் பயன்படுத்த, அதற்கு மேலே சிக்கேன் என்னும் துணைத்தடை சேர்க்கப்படுகிறது. உராய்வு முடிச்சைப் பயன்படுத்துவோருக்கு இவ்வேலையை ரோப் ரென்ச் என்னும் கருவி செய்கிறது. இதுவும் கெவின் பிங்காமின் கண்டுபிடிப்பே.

கயிற்றின் முனையில் பின்னப்பட்ட கண்ணும் கருத்தில் கொள்ளத்தக்கது. சிக்சாக் போன்ற கருவிகளில் கயிற்றை முனை வழியாகவே கோக்க வேண்டும். இரு முனைகளிலும் தடித்த கண் உள்ள கயிற்றை அவற்றில் கோக்க இயலாது. அகிம்போவைக் கயிற்றின் நடுப்பகுதியிலேயே மாட்டலாம்.

புதுக்கயிறும் பழங்கயிறும்

பொருத்தம் ஒருமுறை பார்த்து முடிந்துவிடுவதன்று. புதுக்கயிற்றின் நார்களில் உற்பத்தியின்போது பூசப்பட்ட எண்ணெய்ப் பூச்சு எஞ்சியிருப்பதால் அது வழுக்கும். பயன்படுத்தப் பயன்படுத்த உறை பஞ்சுபோல் எழும்பி, கயிறு தடித்துப் பற்று மிகும். நைலான் நனைந்து உலர்ந்தால் சுருங்கித் தடிக்கும். ஈரமும் மரப்பிசினும் பற்றை மேலும் மாற்றும். மறுபுறம், கருவியின் உலோகம் தேய்ந்து இடைவெளி கூடிக்கொண்டே போகும். பழைய கருவியும் பழைய கயிறும் சேர்ந்து மாறுவதால் இம்மாற்றம் எளிதில் புலப்படுவதில்லை. தேய்ந்த கருவியில் முதன்முறையாகப் புதுக்கயிற்றைக் கோக்கும் நாளே மிகுந்த எச்சரிக்கைக்குரியது: தேய்ந்த உலோகமும் வழுக்கும் உறையும் அன்றுதான் முதலில் சந்திக்கின்றன.

எனவே புதிய இணை எதுவாயினும் முதலில் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் தொங்கிச் சோதிப்பது வழக்கம். மெல்ல எடையை ஏற்றியும், குலுக்கி ஏற்றியும், எடையோடு விடுவித்தும் பார்ப்பர். கையை எடுத்தவுடன் கருவி தானே பற்றுகிறதா என்பதே முதன்மையான கேள்வி. உலர்ந்த கயிற்றில் தேறிய இணையை நனைந்த கயிற்றிலும் இவ்வாறே சோதிக்க வேண்டும். கயிற்றின் கீழ்முனையில் தடுப்பு முடிச்சு இடுவது, கயிறு தரையை எட்டாத நிலையில் கருவி முனையைத் தாண்டி வெளியேறாமல் காக்கும்.